நார்வே: எண்ணெய் விக்கிற நாடு ஏன் எலக்ட்ரிக் கார் ஓட்டுது? அடிப்படையில இருந்து ஒரு விளக்கம்

நார்வே பத்தி வர்ற செய்திகளை அப்பப்போ படிக்கிறவங்களுக்கு ஒண்ணோட ஒண்ணு ஒட்டாத மாதிரியே தெரியும். பொதுவா வர்ற குழப்பம் இந்த நாலும்தான்:

1. ஐரோப்பாவோட பணக்கார நாடுகள்ல ஒண்ணு, ஆனா ஐரோப்பிய யூனியன்ல இல்ல. ரெண்டு தடவை மக்கள்கிட்ட ஓட்டெடுப்பு வச்சாங்க, ரெண்டு தடவையும் வேண்டாம்னுட்டாங்க.
2. கடலுக்கடியில இருந்து எண்ணெயும் கேஸும் எடுத்து வெளிநாட்டுக்கு விக்கிறாங்க, ஆனா உள்ளூர்ல புதுசா பெட்ரோல் கார் வாங்குற ஆளே அநேகமா கிடையாது.
3. சமாதானத்துக்கான நோபல் பரிசு குடுக்குறது இவங்கதான், அதே சமயம் நேட்டோ ராணுவக் கூட்டணியை 1949-ல ஆரம்பிச்ச நாடுகள்லயும் இவங்க உண்டு.
4. குழந்தை வளர்க்க அருமையான நாடுன்னு பேரு, ஆனா பெத்தவங்ககிட்ட இருந்து குழந்தையை அரசாங்கம் எடுத்துட்டுப் போகுதுன்னு நம்ம ஊர் டிவில விவாதம் ஓடுச்சு.

இந்த நாலையும் தனித்தனியா பார்த்தா தலையும் புரியாது வாலும் புரியாது. ஆனா அடியில ஓடுறது ஒரே பழக்கம்தான். எது முக்கியமோ அது ஊர்ப் பொது, அதை எந்த ஒருத்தர் கையிலயும் முழுசா விட்டுடக்கூடாது, எல்லாரும் உக்காந்து பேசி ரூல் போட்டுக்கணும். இந்தப் பழக்கம் எங்க இருந்து வந்துச்சு, என்ன நல்லது பண்ணுச்சு, யாரைக் காயப்படுத்துச்சுன்னு வரிசையா பார்க்கலாம்.

நிலம் எப்படி?

மேப்ல ஸ்காண்டிநேவியாவோட மேற்கு ஓரமா, கந்தலாக் கிழிஞ்ச துணி மாதிரி தெரியுதே, அதுதான் நார்வே. மக்கள் தொகை சுமார் 56 லட்சம். நிலம் நிறைய இருக்கு, ஆனா பயிர் பண்ற நிலம் 100-க்கு 3 பங்குதான், மிச்சமெல்லாம் மலை, பாறை, காடு, பனி. கடல் நிலத்துக்குள்ள விரல் விட்ட மாதிரி நுழைஞ்சிருக்கிற ஃபியோர்டுகள் ஏராளம், அதுல பெருசான சோங்னெ ஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல உள்ள போகுது, ஆழம் 1,300 மீட்டரைத் தாண்டும். பனிக்கட்டி ஆறுகள் லட்சக்கணக்கான வருஷமா மலையைச் சுரண்டி உண்டாக்கின பள்ளம் அது, பனி உருகினதும் கடல் புகுந்துடுச்சு.

இவ்வளவு வடக்கே இருந்தும் துறைமுகங்கள் குளிர்காலத்துல உறையாது. அட்லாண்டிக்ல தெக்கே இருந்து வர்ற வெந்நீரோட்டம் கரையை ஒட்டிப் போறதுதான் காரணம். அதனாலதான் ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேல இருக்கிற ட்ராம்சோல கூட ஒரு பெரிய நகரம், யூனிவர்சிட்டி எல்லாம் இருக்கு. அங்க நவம்பர் கடைசில இருந்து ஜனவரி நடு வரைக்கும் சூரியன் உதிக்கிறதே இல்ல, அதுக்கு ஈடா மே கடைசில இருந்து ஜூலை கடைசி வரைக்கும் மறையுறதே இல்ல.

வயல் இல்லாத ஊர்ல சோறு போட்டது கடல்தான். லோஃபோட்டன் தீவுகள்ல இன்னிக்கும் ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் காட் மீன் கூட்டம் வடக்கே இருக்கிற பேரண்ட்ஸ் கடல்ல இருந்து முட்டை போட வரும், பிடிச்ச மீனைத் தலையை வெட்டி, ரெண்டு ரெண்டா வாலைக் கட்டி, மரச் சட்டத்துல தொங்க விடுவாங்க. உப்பே போட மாட்டாங்க, ஏன்னா அந்த நேரத்துக் குளிர் மீன் கெட்டுப்போற அளவுக்கு வெதுவெதுப்பும் இல்ல, உள்ள உறைஞ்சு சதை உடையுற அளவுக்குக் கடுமையும் இல்ல. காத்துலயே காஞ்சு கட்டை மாதிரி ஆயிடும். இந்தக் கருவாடு இத்தாலிக்குப் போகுது, வெட்டின தலையைக் கூட காயவச்சு நைஜீரியாவுக்கு அனுப்புறாங்க. நாக்கை மட்டும் அறுத்து எடுக்குற வேலை அந்தத் தீவுல இருக்கிற பள்ளிக்கூடப் பசங்களுக்கு, கிடைக்கிற காசும் அவங்களுக்கே.

அடுத்தவங்க கையில இருந்த 500 வருஷம்

வைக்கிங் கதையெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதைத் தாண்டிடலாம். இன்னிக்கு இருக்கிற நார்வேயைப் புரிஞ்சுக்க அதைவிட முக்கியம் அதுக்கப்புறம் நடந்தது. 1349-ல பிளேக் நோய் வந்து மக்கள்ல பாதிக்கும் மேல போயிட்டாங்க, நாடு எழுந்திருக்கவே இல்ல, 14-ஆம் நூற்றாண்டு கடைசில டென்மார்க் ராஜாவோட சேர்ந்த கூட்டு கடைசில டென்மார்க்கோட ஒரு மாகாணம் மாதிரி ஆகிடுச்சு. 1814-ல நெப்போலியன் போர்ல டென்மார்க் தோத்ததும் நார்வேயைத் தூக்கி ஸ்வீடன்கிட்ட குடுத்துட்டாங்க. நார்வேக்காரங்ககிட்ட யாரும் கேக்கல. அந்த இடைவெளில எய்ட்ஸ்வோல்ங்கிற இடத்துல கூடி மே 17-ஆம் தேதி சொந்தமா ஒரு அரசியல் சட்டம் எழுதிக்கிட்டாங்க, திருத்தங்களோட இன்னிக்கும் நடைமுறையில இருக்கிறது அதுதான். அப்புறமும் ஸ்வீடன் ராஜா கீழ 91 வருஷம்.

1905-ல பிரியலாமான்னு ஓட்டெடுப்பு வச்சப்போ ஆமான்னு போட்டவங்க 3,68,208 பேர், வேண்டாம்னவங்க மொத்த நாட்டுலயும் 184 பேர். அப்போ பொம்பளைங்களுக்கு ஓட்டு கிடையாது, ஆனாலும் அவங்க தனியா கையெழுத்து இயக்கம் நடத்தி 2 லட்சத்துக்கும் மேல கையெழுத்து சேர்த்துக் குடுத்தாங்க. 1913-ல அவங்களுக்கும் முழு ஓட்டுரிமை வந்துச்சு.

அதுக்கப்புறம் 1940 ஏப்ரல் 9-ல ஹிட்லர் படை புகுந்து 5 வருஷம் ஆக்கிரமிப்பு. நடுநிலைன்னு சொல்லிக்கிட்டு ஒதுங்கி இருந்தா யாரும் தொட மாட்டாங்கங்கிற நம்பிக்கை அதோட போயிடுச்சு, நேட்டோல சேர்ந்ததுக்கு நேர் காரணம் இதுதான். ரஷ்யாவோட எல்லையும் இருக்கு.

இப்ப முதல் குழப்பத்துக்கு வரலாம். 1972-லயும் 1994-லயும் ஐரோப்பியக் கூட்டமைப்பு வேண்டாம்னு ஓட்டுப் போட்டாங்க, ரெண்டாவது தடவை எதிர்ப்பு 52 சதவீதம்தான், நூலிழை வித்தியாசம். மீன்பிடி உரிமையை யூனியனோட தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ் முடிவு பண்ணும்ங்கிற பயம் ஒரு பக்கம், மலையோரத்துச் சின்ன விவசாயம் அழிஞ்சிடும்ங்கிறது இன்னொரு பக்கம். அதோட "யூனியன்"ங்கிற சொல்லே அவங்களுக்கு ஸ்வீடன் காலத்தை ஞாபகப்படுத்துற சொல். ஆனா முழுசா வெளியவும் இல்ல. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிங்கிற ஒப்பந்தம் மூலமா அந்தச் சந்தைல இருக்காங்க, அதுக்காக அங்க போடுற சட்டங்கள்ல பெரும்பகுதியை ஏத்துக்கிறாங்க, பணமும் கட்டுறாங்க, ஆனா அந்தச் சட்டத்தை எழுதுற மேசையில நாற்காலி கிடையாது. இது விசித்திரமான ஏற்பாடுதான், ஆனா வீம்புக்குப் பண்ணது இல்ல. மீனையும் நிலத்தையும் தன் கையில வச்சுக்க அவங்க குடுக்கிற விலை.

அருவில கத்துக்கிட்ட பாடம்

எண்ணெய் கிடைச்சதால நார்வே பணக்கார நாடாச்சுன்னு ஒரே வரில சொல்லிடுவாங்க. எண்ணெய் கிடைச்ச எத்தனையோ நாடு நாசமாத்தான் போயிருக்கு. நார்வேக்கு அதிர்ஷ்டம் எண்ணெய் இல்ல, எண்ணெய்க்கு 60 வருஷம் முன்னாடி அருவி விஷயத்துல போட்ட சட்டம்.

1900 வாக்குல அருவியில இருந்து மின்சாரம் எடுக்கலாம்னு ஆனதும் வெளிநாட்டுக் கம்பெனிங்க வந்து விவசாயிங்ககிட்ட இருந்து அருவியை வாங்க ஆரம்பிச்சாங்க. சுதந்திரம் கிடைச்ச சூட்டோட இதைப் பார்த்த பார்லிமெண்ட் 1906-ல அவசரமா தடுத்து, 1909-ல தெளிவா ஒரு சட்டம் போட்டுச்சு. தனியார் வந்து அணை கட்டலாம், கரண்ட் எடுக்கலாம், லாபம் பார்க்கலாம், ஆனா குறிப்பிட்ட காலம் முடிஞ்சதும், அதிகபட்சம் 80 வருஷம், அணையும் மிஷினும் அருவியும் ஒரு பைசா நஷ்டஈடு இல்லாம அரசாங்கத்துக்கு வந்துடணும். இன்னிக்கு அந்த நாட்டு மின்சாரத்துல கிட்டத்தட்ட 90 சதவீதம் நீர்மின்சாரம், அதுலயும் பெரும்பங்கு பொதுச் சொத்து.

எண்ணெய்க்கதை இதுக்கு நேரெதிரா ஆரம்பிச்சுது. 1958-ல நாட்டோட புவியியல் துறையே நம்ம கரையோரக் கடலடியில எண்ணெய் கிடைக்க வாய்ப்பே இல்லன்னு எழுதிக் குடுத்துச்சு. 1962-ல அமெரிக்கக் கம்பெனி பிலிப்ஸ், மாசம் 1,60,000 டாலர் தர்றோம், தேடுற உரிமையை எங்களுக்கு மட்டும் குடுங்கன்னு கேட்டப்போ அரசாங்கம் சட்டுனு கையெழுத்துப் போடல. முதல்ல 1963-ல கடலடி முழுக்க அரசுக்குச் சொந்தம்னு அறிவிச்சாங்க, அப்புறம் பிளாக் பிளாக்கா பிரிச்சுப் பல கம்பெனிக்குக் குடுத்தாங்க. 1969 டிசம்பர்ல எக்கோஃபிஸ்க்ங்கிற கடலடி எண்ணெய் வயல்ல எண்ணெய் கொட்டுச்சு.

இங்க ஒருத்தரைப் பத்திக் கொஞ்சம் நின்னு சொல்லியே ஆகணும். ஃபரூக் அல் காசிம், ஈராக்கோட பாஸ்ரா ஊர்க்காரர், புவியியலாளர், மனைவி நார்வேக்காரங்க. கடைசிப் பையனுக்குப் பெருமூளை வாதம், நல்ல சிகிச்சை வேணும்னு 1968-ல நல்ல வேலையை விட்டுட்டு நார்வேக்கு வந்தார். ஓஸ்லோல இறங்கினவர், மாமியார் ஊருக்கு ரயில் சாயந்திரம்தான்ங்கிறதால, அந்த இடைவெளில தொழில் அமைச்சகத்துக்கு நடந்து போய் இங்க எந்தெந்த எண்ணெய்க் கம்பெனி இருக்குன்னு ஒரு லிஸ்ட் கேட்டிருக்கார். அங்க எண்ணெய் விவகாரம் பார்த்தவங்க விரல் விட்டு எண்ணுற அளவுதான், யாருக்கும் கள அனுபவம் கிடையாது. ஈராக்ல எண்ணெய் வயல்ல வேலை பார்த்த ஒருத்தர் தானா வாசல்ல வந்து நிக்கிறார், விடுவாங்களா, ஆலோசகரா வேலையே குடுத்துட்டாங்க. வெளிநாட்டுக் கம்பெனிங்க ஈராக்ல என்ன பண்ணாங்கன்னு அவருக்கு நல்லாத் தெரியும். நார்வேயோட எண்ணெய்க் கொள்கையை எழுதினவங்கள்ல அவர் முக்கியமானவர், எக்கோஃபிஸ்க்ல தண்ணி செலுத்தி இன்னும் அதிகமா எண்ணெய் எடுக்கணும்னு விடாப்பிடியா நின்னவரும் அவர்தான். இவ்வளவு பண்ண மனுஷர் பேரு வெளிய பலருக்குத் தெரியாதுங்கிறது வருத்தமான விஷயம்.

அப்போ போட்ட ஏற்பாடு சுருக்கமா இப்படி:

1. அரசாங்கம் 1972-ல சொந்தமா ஸ்டாட்டாயில் கம்பெனி ஆரம்பிச்சுது, இப்போ அதுக்குப் பேரு எக்வினோர். கண்காணிக்கிற துறையைக் கம்பெனில இருந்து பிரிச்சுத் தனியா வச்சாங்க.
2. எண்ணெய் லாபத்துக்கு எல்லா வரியும் சேர்த்து 78 சதவீதம். அதே நேரம் தேடுற செலவுல பெரும்பங்கை வரில கழிச்சுக்கலாம், அதனால கம்பெனிங்க ஓடிப்போகல.
3. வர்ற பணத்தை அப்படியே செலவு பண்ணா உள்ளூர் விலைவாசி ஏறும், மத்த தொழில் படுத்துடும். அதனால 1990-ல சட்டம் போட்டு ஒரு நிதி ஆரம்பிச்சு, 1996-ல முதல் பணம் போட்டு, அதை வெளிநாட்டுல மட்டும்தான் முதலீடு பண்ணணும்னு வச்சாங்க.
4. அந்த நிதியில இருந்து வருஷத்துக்கு எவ்வளவு எடுக்கலாம்னா, நீண்டகால வருமானம்னு கணக்கு பண்ற அளவு மட்டும். முன்னாடி 4 சதவீதம், 2017-ல இருந்து 3.

அந்த நிதி இப்போ சுமார் 20 லட்சம் கோடி குரோனர் (நார்வே பணம்). ஒவ்வொரு ஆளுக்கும் பிரிச்சா தலைக்கு 35 லட்சம் குரோனருக்கு மேல. அதுல பாதிக்கும் மேல எண்ணெய்ல இருந்து வந்தது கூட இல்ல, முதலீட்டுல வளர்ந்தது. உலகத்துல லிஸ்ட் ஆன கம்பெனிப் பங்குகள்ல சராசரியா ஒன்றரை சதவீதம் இவங்க கையில, இந்தியக் கம்பெனிங்களும் அதுல உண்டு.

அப்போ எலக்ட்ரிக் கார்?

1989-ல ஆஹாங்கிற பாப் இசைக் குழுவுல ரெண்டு பேரும் பெல்லோனாங்கிற சுற்றுச்சூழல் அமைப்போட ஆளும் ஒரு பழைய ஃபியட் பாண்டா காரை எலக்ட்ரிக்கா மாத்தி ஓஸ்லோல ஓட்டி, வேணும்னே டோல் கட்டாமப் போய்க்கிட்டே இருந்தாங்க. ஃபைன் போட்டு, காரைப் பறிச்சு ஏலம் விட்டா, அவங்களே திரும்ப வாங்கி மறுபடி ஓட்டுவாங்க. பத்திரிகைல பேச்சாகி, 90-கள்ல இருந்து எலக்ட்ரிக் காருக்கு இறக்குமதி வரி இல்ல, டோல் இல்ல, 2001-ல இருந்து விற்பனை வரியும் இல்லன்னு ஒவ்வொண்ணா வந்துச்சு. பெட்ரோல் காருக்கு அங்க வரி ரொம்ப அதிகம், அதனால ரெண்டுக்கும் விலை வித்தியாசம் போயிடுச்சு. 2024-ல வித்த புதுக் கார் 100-க்கு சுமார் 89 முழு எலக்ட்ரிக்.

வெளிய விக்கிற எண்ணெய் எரிஞ்சு வர்ற புகை நார்வே கணக்குல வராது, எரிக்கிற நாட்டோட கணக்குல போயிடும். உள்ளூர்ல சுத்தமா இருக்கோம்னு சொல்றது எவ்வளவு நியாயம்ங்கிற கேள்வி அந்த நாட்டுக்குள்ளயே பலமா இருக்கு, இருக்கவும் வேணும்.

மின்சாரத்துலயும் இப்போ ஒரு சண்டை. 2021-ல ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் கடலடி கேபிள் போட்டாங்க, அதே சமயம் ஐரோப்பால கேஸ் விலை ஏறினதுல தெற்கு நார்வேல கரண்ட் பில் எகிறிடுச்சு. வீடு சூடு பண்றதே கரண்ட்லங்கிறதால எல்லாரும் கொதிச்சுப் போனாங்க. நம்ம அருவி, நம்ம கரண்ட், ஜெர்மனி விலைக்கு நாம ஏன் வாங்கணும்னு கேள்வி. ஐரோப்பிய எரிசக்தி விதிகளை ஏத்துக்கிற தகராறுல 2025 ஜனவரில கூட்டணி ஆட்சியே உடைஞ்சுது.

அன்றாட வாழ்க்கை

இந்தப் பொதுப் பழக்கத்தை வீதியிலயே பார்க்கலாம். வசந்த காலத்துல அபார்ட்மெண்ட்ல, பள்ளிக்கூடத்துல, ஸ்போர்ட்ஸ் கிளப்ல ஒரு நாள் குறிச்சு எல்லாரும் கூடிக் குப்பை வாரி, வேலிக்குப் பெயிண்ட் அடிச்சு, கடைசில காபியும் வாஃபிளும் சாப்பிட்டுக் கலைவாங்க, டுக்னாட்னு பேரு. சம்பளம் கிடையாது, வரலன்னா யாரும் கேக்க மாட்டாங்க, ஆனா கவனிப்பாங்க.

காடு மலையில யார் நிலமா இருந்தாலும் யாரும் நடக்கலாம், வீட்டுல இருந்து 150 மீட்டர் தள்ளிக் கூடாரம் போட்டுத் தூங்கலாம், காட்டுப் பழம் பறிக்கலாம். பழைய வழக்கம், 1957-ல சட்டமாவே எழுதிட்டாங்க. யாரு எவ்வளவு சம்பாதிச்சாங்க, எவ்வளவு வரி கட்டினாங்கன்னு வருஷா வருஷம் வெளியாகும், யார் வேணா தேடலாம், ஆனா 2014-ல இருந்து நீங்க தேடினது அந்த ஆளுக்கும் தெரிஞ்சிடும். ஸ்ட்ராங்கான சரக்கு அரசாங்கக் கடைல மட்டும்தான், ஞாயித்துக்கிழமை மூடல்.

சாப்பாடு எளிமை. மத்தியானம் பிரெட் துண்டு மேல சீஸோ கல்லீரல் பேஸ்டோ வச்சு, நடுவுல காகிதம் போட்டு வீட்டுல இருந்து எடுத்துட்டு வந்ததைத்தான் பெரிய அதிகாரியும் சாப்பிடுவார். பாலைத் திரிச்சு சீஸ் எடுத்தப்புறம் மிஞ்சுற தண்ணியைச் சுண்டக் காய்ச்சி எடுக்கிற பழுப்பு சீஸ் இனிப்பா இருக்கும், மெல்லிசா சீவித் தின்பாங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி மெக்சிகோ பாணி டாக்கோ சாப்பிடுறது பல வீட்டுல வழக்கம்.

மே 17 தேசிய தினத்துல ராணுவ அணிவகுப்பு கிடையாது, பள்ளிக்கூடப் பிள்ளைங்கதான் பேண்ட் வாசிச்சுக் கொடி பிடிச்சு ஊர்வலம் போவாங்க, ஓஸ்லோல ராஜா குடும்பம் அரண்மனை பால்கனில மணிக்கணக்கா நின்னு கையாட்டும். பெரியவங்க அவங்கவங்க வட்டாரத்துப் பாரம்பரிய உடைல வருவாங்க, எம்பிராய்டரியைப் பார்த்தே எந்தப் பக்கம்னு சொல்லிடலாம்.

குழந்தை யாருக்குப் பொறுப்பு?

பெத்தவங்க குழந்தையைத் தண்டிக்கிற உரிமையை 1972-லயே எடுத்துட்டாங்க, 1987-ல அடிக்கிறது சட்டப்படி தடைன்னு தெளிவாவே எழுதினாங்க. குழந்தைகளுக்குன்னு தனி குறைகேள் அதிகாரி 1981-ல, உலகத்துல முதல் நாடு. பிள்ளை பிறந்தா அப்பாவுக்குன்னே 15 வாரம் லீவு, அவர் எடுக்கலன்னா அது வீணாப் போகும், அம்மாவுக்கு மாத்த முடியாது. அப்பாக்கள் தள்ளுவண்டி தள்ளிட்டுப் போறதைப் பகல் நேரத்துல எங்கயும் பார்க்கலாம்.

குழந்தை தனி ஆள், அதுக்கு உரிமை இருக்கு, அதைக் காக்குறது சமூகத்தோட வேலைங்கிறதுதான் பார்வை. நல்ல பார்வைதான். ஆனா 2011-ல ஸ்டாவாங்கர் ஊர்ல ஒரு இந்தியக் குடும்பத்தோட ரெண்டு சின்னக் குழந்தைங்களைக் குழந்தைகள் நலத்துறை எடுத்துக்கிட்டப்போ, கையால ஊட்டுறது, கூடவே படுக்க வைக்கிறது இதெல்லாம் குறையாச் சொன்னாங்கன்னு குடும்பம் சொல்லுச்சு, துறை அது காரணம் இல்லன்னு மறுத்துச்சு. இந்திய அரசு தலையிட்டு, 2012-ல குழந்தைங்க இந்தியாவுக்கு வந்தாங்க. வெளிநாட்டுக்காரங்க மட்டும் சொல்ற குறை இல்ல இது. 2019-ல ஸ்ட்ராஸ்பர்க்ல இருக்கிற ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தோட பெரிய அமர்வு, ஒரு நார்வேக்காரத் தாயோட வழக்குல, குடும்ப வாழ்க்கை உரிமையை நாடு மீறிடுச்சுன்னு தீர்ப்பு குடுத்துச்சு, அதுக்கப்புறமும் பல தீர்ப்பு அதே மாதிரி. பிரிச்ச குழந்தையைத் திரும்பக் குடும்பத்தோட சேர்க்கிற முயற்சி போதலங்கிறதுதான் முக்கியமான குத்தம். அதிகாரிங்க நல்ல எண்ணத்தோட இருக்காங்கன்னு எல்லாரும் நம்புற நாட்டுல, அதிகாரி தப்பு பண்ணா அதைக் கண்டுபிடிக்கவே லேட்டாகும்.

சாமி மக்கள்

பொதுன்னா யாரோட பொதுங்கிற கேள்வி இங்கதான் ரொம்ப வலிக்கும். வடக்கே கலைமான் மேய்ச்சு, மீன் பிடிச்சு ஆயிரக்கணக்கான வருஷமா இருக்கிற சாமிங்கிற பழங்குடி மக்களோட மொழியைப் பள்ளிக்கூடத்துல தடுத்து, பிள்ளைங்களை ஹாஸ்டல்ல போட்டு, நார்வேக்காரங்களா மாத்துற கொள்கை நூறு வருஷத்துக்கு மேல நடந்துச்சு. 1979-ல ஆல்டா ஆத்துல அணை கட்ட எதிர்ப்பு வெடிச்சு, பார்லிமெண்ட் முன்னாடியே கூடாரம் போட்டு உண்ணாவிரதம் இருந்தாங்க. அணை கட்டிட்டாங்க, ஆனா அந்தப் போராட்டத்தால 1989-ல சாமி மக்களுக்குன்னு தனி பார்லிமெண்ட் வந்துச்சு.

அதோட முடியல. ஃபோசன் பகுதியில 151 காத்தாலையை மேய்ச்சல் நிலத்துல நட்டுட்டாங்க, 2021 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் அது சாமி மக்களோட உரிமையை மீறினதுன்னு ஒருமனதாச் சொன்னப்பவும் காத்தாலை சுத்திக்கிட்டேதான் இருந்துச்சு. 500 நாள் ஆனதும் இளைஞர்கள் அமைச்சகத்துக்குள்ளயே போய் உக்காந்தாங்க, அப்புறம்தான் அரசு மன்னிப்புக் கேட்டுச்சு. பசுமை மின்சாரம்ங்கிற நல்ல காரியத்தோட பேர்லயே இது நடந்துச்சுங்கிறதை மறந்துடக்கூடாது. 2024 நவம்பர்ல பார்லிமெண்ட் பழைய கொள்கைக்காக சாமி மக்கள்கிட்டயும், பின்லாந்து பக்கத்துல இருந்து வந்து குடியேறினவங்களோட வம்சமான க்வேன் மக்கள், காட்டு ஃபின் மக்கள்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுச்சு.

நோபல், சமாதானம், நம்ம ஆளுங்க

1895-ல உயில் எழுதின ஆல்ஃபிரட் நோபல் ஸ்வீடன்காரர், அப்போ ரெண்டு நாடும் ஒரே ராஜா கீழ. சமாதானப் பரிசை மட்டும் நார்வே பார்லிமெண்ட் தேர்ந்தெடுக்கிற 5 பேர் குழு குடுக்கட்டும்னு எழுதிட்டார், ஏன்னு காரணம் எழுதல. குழுவைப் பார்லிமெண்ட் நியமிக்கும், ஆனா முடிவுல அரசாங்கம் தலையிட முடியாது. இதை வெளிநாட்டுத் தலைவர்கள் பலர் நம்புறதே இல்ல. 2010-ல சீனால சிறையில இருந்த மனித உரிமைப் போராளி லியூ சியாவ்போவுக்குக் குடுத்ததும் சீனா நார்வே அரசோட உறவையே 6 வருஷம் உறைய வச்சுது.

இந்தப் பேரை வச்சுத்தான் இஸ்ரேல், பாலஸ்தீனம் மாதிரி சண்டைகள்ல நடுவரா போனாங்க, இலங்கைக்கும் வந்தாங்க. ஆனா ஈழத்தமிழர் தொடர்பு அதுக்கும் பழசு. யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம் 1950-கள்ல மீன்பிடித் தொழில் கத்துக்க நார்வே போய், அந்த மக்களோட உதவியோட யாழ்ப்பாணத்துல சீநோர்ங்கிற மீன்பிடி நிறுவனத்தைக் கொண்டு வந்தார். 80-கள்ல போர்ல இருந்து தப்பிப் போனவங்கள்ல பலருக்கு முதல்ல வேலை குடுத்தது வடகோடி ஃபின்மார்க் கரையோர மீன் ஃபேக்டரிங்கதான், உள்ளூர் இளைஞர்கள் விட்டுட்டுப் போன வேலை அது. யாழ்ப்பாணத்துல பிறந்து 3 வயசுல நார்வே போன கம்சி குணரத்தினம் 2015-ல ஓஸ்லோ துணை மேயர் ஆனாங்க, 2021-ல எம்.பி. 2011 ஜூலை 22-ல உத்தேயா தீவுல இளைஞர் முகாம்ல ஒரு வலதுசாரி பயங்கரவாதி 69 பேரைக் கொன்னப்போ அங்க இருந்து தப்பினவங்க அவங்க.

இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் நடுவுல 2002 பிப்ரவரி 22 போர்நிறுத்தம், நார்வேயோட சமாதானத் தூதர் எரிக் சொல்ஹைம் குழுவோட முயற்சில வந்தது. கண்காணிக்க 5 நார்டிக் நாட்டு ஆளுங்க வந்தாங்க. 2006-ல ஐரோப்பிய யூனியன் புலிகளைத் தடை பண்ணதும், யூனியன்ல இருக்கிற ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து கண்காணிப்பாளர்கள் போயிட வேண்டியதாச்சு, மிஞ்சினது யூனியன்ல இல்லாத நார்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும். வெளிய நிக்கிறதால ரெண்டு பக்கமும் பேச முடிஞ்சுது, ஆனா அந்த ரெண்டு பக்கத்துல எதையும் வளைக்கிற பலம் கிடையாது. ரூல் எழுதிட்டா எல்லாரும் மதிப்பாங்கன்னு வீட்டுல பழகின நாடு, ஒப்பந்தத்தை ரெண்டு பக்கமும் மீறினப்போ அறிக்கை எழுதுறதைத் தவிர வேற வழி இல்லாம நின்னுச்சு. 2008 ஜனவரில இலங்கை அரசு ஒப்பந்தத்துல இருந்து விலகிடுச்சு, 2009-ல நடந்தது எல்லாருக்கும் தெரியும். அப்புறம் நார்வே அரசே காசு குடுத்து, வெளி ஆராய்ச்சியாளர்களை வச்சு, தன்னோட முயற்சி ஏன் தோத்துச்சுன்னு ஆய்வு பண்ண வச்சு, தன் மேல இருக்கிற விமர்சனத்தோட அப்படியே 2011-ல வெளியிட்டுச்சு.